பெருமந்தமும் பேரரசுச் சந்தையும்: 1930களில் இலங்கையின் வணிகக் கொள்கை

1934 ஆம் ஆண்டு மே மாதம் 7 ஆம் திகதி இலண்டன் மாநகரில் இரு செயல்கள் நிறைவேறின. ஒன்று, இறப்பர் உற்பத்தி செய்யும் நாடுகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டமை. மற்றது, குடியேற்ற நாடுகளுக்குள் வரும் பிறநாட்டுத் துணிகள் இனிமேல் கோட்டா முறைக்கு உட்படுத்தப்படும் என்று பிரித்தானிய வர்த்தக சபைத் தலைவர் வால்ற்றர் ரன்சிமன் பொதுமக்கள் சபையில் அறிவித்தமை. இவ்விரண்டினாலும் நேரடியாகத் தாக்கமுற்ற நாடுகளுள் இலங்கையும் ஒன்று. இலங்கை எவ்வளவு இறப்பரை விற்கலாம் என்பதும், எந்த நாட்டுத் துணியை எவ்வளவு வாங்கலாம் என்பதும் ஒரே நாளில் இலங்கைக்கு வெளியே முடிவு செய்யப்பட்டன. இலங்கை மக்கள் சர்வசன வாக்குரிமையைப் பெற்று அப்பொழுது மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன என்பது இங்கு நோக்கற்பாலது.

1929 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின் உலக வணிகம் சிதைந்த வரலாறு பெரும்பாலும் பெருநாடுகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எந்த நாடு முதலில் தீர்வையை உயர்த்தியது, எந்த நாடு பொன் நியமத்தைக் கைவிட்டது, எந்த மாநாடு ஏன் தோல்வியுற்றது என்பனவே அவ்வரலாற்றின் வினாக்கள். தனக்கெனத் தீர்வைக் கொள்கையை வகுக்கும் உரிமை அற்றிருந்த ஒரு நாட்டிலிருந்து அதே காலத்தை நோக்கும்பொழுது வேறொரு வினா முன்னிற்கின்றது. நெருக்கடியின் இழப்பு யாருடைய தலையில் விழவேண்டும் என்பதை யார் தீர்மானித்தார்கள் என்பதே அது. இலங்கையின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு அவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுங்கச் சுவர்கள் எழுந்த விதம்

1929 ஒக்டோபர் மாத இறுதியில் நியூயோர்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. அதற்கு முன்னரேயே ஐக்கிய அமெரிக்கக் காங்கிரசில் புதிய தீர்வைச் சட்டமொன்று விவாதத்திலிருந்தது. விலை வீழ்ச்சியால் நலிந்த கமக்காரருக்கு உதவும் பொருட்டுத் தொடங்கப்பட்ட இம்முயற்சி, கைத்தொழில் அதிபர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பொருளுக்குப் பாதுகாப்புத் தேடியமையால் விரிந்து பெருகியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியலறிஞர் எதிர்ப்பு விண்ணப்பத்தில் ஒப்பமிட்டிருந்தும், சனாதிபதி ஹூவர் 1930 யூன் 17 ஆம் திகதி இதற்குச் சம்மதம் வழங்கினார். இதனை ஆக்கிய இருவரின் பெயரால் இச்சட்டம் ஸ்மூற்-ஹோலிச் சட்டம் எனப்படுகின்றது. கனடா முதலிய நாடுகள் உடனடியாகவே எதிர்த் தீர்வைகளை விதித்தன.

எனினும் உலக வணிகத்தைச் சிதைத்தது தீர்வைச் சட்டம் மட்டுமன்று. 1931 மே மாதத்தில் ஒஸ்திரியாவின் மிகப் பெரிய வங்கியாகிய கிரெடிற்-அன்ஸ்ரால்ற் நிலைகுலைந்தது. யூலையில் செருமானிய வங்கிகள் மூடப்பட்டன. செருமனி நாணயமாற்றுக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. செப்தெம்பர் 21 ஆம் திகதி பிரித்தானியா பொன் நியமத்தைக் கைவிட்டது. ஒரு பவுணுக்கு 4.86 டொலராக இருந்த மாற்று வீதம் அவ்வாண்டு முடிவில் ஏறத்தாழ 3.25 டொலர் வரை இறங்கியது. பவுணைத் தொடர்ந்து பல நாடுகளும் தத்தம் நாணயங்களை மதிப்பிறக்கின. பொன்னோடு பிணைந்து நின்ற பிரான்சு போன்ற நாடுகள் மலிந்த இறக்குமதிகளைத் தடுக்கத் தீர்வையையும் கோட்டாவையும் நாடின. பொன் நியமத்தை நீண்டகாலம் பற்றி நின்ற நாடுகளே வணிகத் தடைகளை மிகுதியாக உயர்த்தின என்று பொருளாதார வரலாற்றாசிரியர்களான பரி ஐக்கன்கிறீனும் டக்ளஸ் ஏர்வினும் பிற்காலத்தில் எடுத்துக்காட்டியுள்ளனர். நாணயத்தை மதிப்பிறக்கத் தயங்கிய அரசுகள் அதற்குப் பதிலாகத் துறைமுகத்தை மூடின என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

இவற்றின் கூட்டு விளைவை நாடுகளின் சங்கத்தின் புள்ளிவிபரங்கள் காட்டுகின்றன. 75 நாடுகளின் மாத இறக்குமதிப் பெறுமதி 1929 சனவரியில் ஏறத்தாழ 300 கோடி டொலராக இருந்தது. 1933 சனவரியில் அது 100 கோடி டொலருக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கிவிட்டது. விலைகள் வீழ்ந்தமையும் வணிகத்தின் கனவளவு குறைந்தமையும் ஆகிய இரண்டும் இவ்வீழ்ச்சியில் அடங்கியுள்ளன. 1933 யூன் மாதத்தில் இலண்டனில் கூடிய உலகப் பொருளாதார மாநாடு இதற்குப் பரிகாரம் காண முயன்றது. நாணயங்களை நிலைப்படுத்தும் திட்டத்தைச் சனாதிபதி ரூஸ்வெல்ற் யூலைத் தொடக்கத்தில் வெளிப்படையாக நிராகரித்தமையால் மாநாடு பயனின்றிக் கலைந்தது.

ஒட்டாவா உடன்படிக்கைகள்

ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் தடையற்ற வணிகத்தைத் தன் சமயமாகவே போற்றிவந்த பிரித்தானியா 1932 இல் அதனைக் கைவிட்டது. அவ்வாண்டின் இறக்குமதித் தீர்வைச் சட்டம் பெரும்பாலான பொருள்களுக்குப் பொதுவாக 10 வீதத் தீர்வையை விதித்தது. பேரரசுக்குட்பட்ட நாடுகளின் பொருள்களுக்கு விலக்களிக்கப்பட்டது. அதே ஆண்டு யூலை 21 முதல் ஓகஸ்ற் 20 வரை கனடாவின் தலைநகராகிய ஒட்டாவாவில் நடைபெற்ற பேரரசுப் பொருளாதார மாநாட்டில் பிரித்தானியாவும் தன்னாட்சி நாடுகளும் இந்தியாவும் தமக்குள் முன்னுரிமை வழங்கும் உடன்படிக்கைகளைச் செய்துகொண்டன. பேரரசுக்குள் தாழ்ந்த தீர்வை, பேரரசுக்கு வெளியே உயர்ந்த தீர்வை என்பதே இம்முறையின் சாரம்.

கனடா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆகியன ஒட்டாவாவில் தம் பேரில் பேசின. தம் பண்டங்களுக்குச் சந்தை கேட்டன. கேட்டதற்கு ஈடாக எதனைக் கொடுக்கலாம், எதனைக் கொடுக்கக் கூடாது என்று தாமே முடிவு செய்தன. இந்தியாவுக்கும் முழுமையற்றதாயினும் ஓர் இடம் இருந்தது. குடியேற்ற நாடுகளின் நலன்களோ குடியேற்ற அமைச்சின் பொறுப்பிலேயே விடப்பட்டன. அவற்றின் பேரில் பேசியவர் பிரித்தானிய அமைச்சர். அவர் அதே வேளையில் லங்காசயர் நெசவாலைகளின் குறைகளுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அரசாங்கத்தின் உறுப்பினர்.

முன்னுரிமை முறையால் இலங்கைக்கு நன்மையே விளையவில்லை என்று கூறுதல் பொருந்தாது. 1929 இல் நீக்கப்பட்டிருந்த தேயிலைத் தீர்வையைப் பிரித்தானியா 1932 ஏப்ரலில் மீண்டும் விதித்தபொழுது, பிறநாட்டுத் தேயிலைக்கு இறாத்தலுக்கு 4 பென்சும் பேரரசுத் தேயிலைக்கு 2 பென்சும் என வகுத்தது. யாவா, சுமாத்திராத் தேயிலையோடு போட்டியிட்ட இலங்கைத் தேயிலைக்கு இது பெறுமதியான சலுகையாகும். ஆனால் அச்சலுகையின் பயன் முதலிற் சென்றடைந்தது பெரும்பாலும் பிரித்தானியக் கம்பனிகளுக்குச் சொந்தமாயிருந்த பெருந்தோட்டங்களையே. அதற்கான ஈட்டை யார் கொடுத்தார்கள் என்பது இரண்டு ஆண்டுகளின் பின் துணிச் சந்தையில் வெளிப்பட்டது.

நெருக்கடி இலங்கையைத் தாக்கியமை

தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள்கள் ஆகிய மூன்றுமே அக்காலத்து இலங்கையின் ஏற்றுமதியிற் பெரும்பங்கைக் கொண்டிருந்தன. நாட்டு மக்கள் உண்ணும் அரிசியிற் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தது. உடுக்கும் துணியில் ஏறத்தாழ முழுவதும் வெளிநாட்டிலிருந்து வந்தது. அரசாங்க வருமானத்தின் முதன்மையான ஊற்றும் சுங்கமே. இத்தகைய ஒரு நாட்டிற்கு உலகச் சந்தையின் வீழ்ச்சி ஒரு துறையின் வீழ்ச்சியாக மட்டும் அமைய முடியாது. 1929 க்கும் 1932 க்குமிடையில் இலங்கையின் ஏற்றுமதிப் பெறுமதி பாதிக்கும் கீழே சரிந்தது. இலண்டன் சந்தையில் இறப்பரின் விலை 1932 இல் இறாத்தல் 2 பென்சுக்கும் கீழே இறங்கியது. பால் வெட்டும் கூலிக்கே அவ்விலை போதாமையால் பல தோட்டங்களில் வெட்டு நிறுத்தப்பட்டது.

இதன் சுமை படிப்படியாகக் கீழிறங்கியது. 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்டிருந்த ஆகக் குறைந்த கூலி குறைக்கப்பட்டது. வேலையிழந்த தொழிலாளர் பெருந்தொகையாகத் தமிழகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். கொழும்பில் துறைமுக வேலையும் கடை வேலையும் அருகின. அரசாங்க உத்தியோகங்களில் ஆட்குறைப்பும் சம்பள வெட்டும் இடம்பெற்றன. 1932 இல் வருமான வரி முதன்முறையாக அறிமுகப்படுத்தப்பட்டது.

கடன் வசதியும் வற்றியது. கொழும்பிலிருந்த பிரித்தானிய வங்கிகள் சுதேச வணிகருக்கும் சிறு தோட்டக்காரருக்கும் நேரடியாகக் கடன் கொடுப்பது அரிது. அவ்விடைவெளியை நிரப்பியவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டிமார். வங்கிகளிடம் தாம் பெற்ற பணத்தையும் தம் முதலையும் சேர்த்து அவர்கள் கடன் வழங்கிவந்தனர். விலைகள் வீழ்ந்ததும் வங்கிகள் செட்டிமார்க்குக் கொடுத்த கடனைச் சுருக்கின. செட்டிமார் தம்மிடம் வாங்கியோரை நெருக்கினர். ஈடு வைக்கப்பட்ட நிலங்கள் கைமாறின. கடன்பட்டவனின் கண்ணுக்குத் தெரிந்தவர் செட்டியாரே. அவருக்கு அப்பால் நின்ற வங்கியும், அவ்வங்கிக்கு அப்பால் நின்ற உலகச் சந்தையும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஏற்றுமதிக் கட்டுப்பாடு

விலை வீழ்ச்சிக்கு உற்பத்தியாளர் கண்ட பரிகாரம் ஏற்றுமதியைக் குறைத்தலாகும். 1933 ஏப்ரல் 1 ஆம் திகதி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு நடைமுறைக்கு வந்த சர்வதேசத் தேயிலை உடன்படிக்கையில் இந்தியா, இலங்கை, ஒல்லாந்தக் கிழக்கிந்தியா ஆகிய மூன்றும் இணைந்தன. 1929 முதல் 1931 வரையான ஆண்டுகளின் உச்ச ஏற்றுமதி அடிப்படையாகக் கொள்ளப்பட்டு, முதலாண்டில் அதன் 85 வீதத்தை மட்டுமே ஏற்றுமதி செய்யலாம் என விதிக்கப்பட்டது. 1932 இல் நிறுவப்பட்ட இலங்கைத் தேயிலைப் பிரசார சபை வெளிநாடுகளில் தேயிலைப் பாவனையைப் பெருக்க முனைந்தது.

இறப்பரைப் பொறுத்தவரையில் ஒரு பழைய பாடம் இருந்தது. 1922 முதல் 1928 வரை மலாயாவும் இலங்கையும் மட்டும் ஸ்ரீவன்சன் திட்டத்தின் கீழ்த் தம் ஏற்றுமதியைக் குறைத்தபொழுது, அத்திட்டத்திற் சேராத ஒல்லாந்தக் கிழக்கிந்தியா தன் ஏற்றுமதியைப் பெருக்கிச் சந்தையைக் கவர்ந்தது. ஆகவே 1934 உடன்படிக்கையில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியா, பிரெஞ்சு இந்தோசீனா, சீயம் ஆகியவற்றையும் உள்ளடக்கினர். இதன் பயனாக விலை உயர்ந்தது. 1934 இல் இறப்பர் சராசரியாக இறாத்தல் ஏறத்தாழ 6 பென்சுக்கு விற்றது.

ஆயினும் புதிய நடுகை தடைசெய்யப்பட்டமையால், ஏற்கெனவே நிலமும் மரமும் உடையோரின் நிலையே உறுதிப்பட்டது. ஏற்றுமதி உரிமை கூப்பன் வடிவில் வழங்கப்பட்டது. சிறு தோட்டக்காரர் பலர் பாலை வெட்டாமலே கூப்பனை வணிகருக்கு விற்று ஒரு சிறு தொகையைப் பெற்றனர். வெட்டுக் கூலியை நம்பியிருந்தவனுக்குக் கூப்பன் இல்லை. தெங்கின் நிலையோ முற்றிலும் வேறு. அது பெரும்பாலும் சுதேசிகளின் கையிலிருந்த பயிர். அதற்கெனச் சர்வதேச உடன்படிக்கை எதுவும் உருவாகவில்லை. கொப்பரா பல நாடுகளில் விளைந்தது. திமிங்கில எண்ணெய் முதலிய மாற்றுப் பொருள்களும் அதனோடு போட்டியிட்டன. இலண்டனில் கம்பனிகளையும் சங்கங்களையும் உடைய பயிர்களுக்கே உலக உடன்படிக்கை வாய்த்தது என்பது இதனால் தெளிவாகின்றது.

துணிக் கோட்டா

ஏற்றுமதி வருமானம் சுருங்கிய ஏழைக்கு ஒரேயோர் ஆறுதல் இருந்தது. அவன் வாங்கும் பொருள்களின் விலையும் குறைந்திருந்தது. அவற்றுள் முதன்மையானது யப்பானியத் துணி. 1931 திசெம்பரில் பொன் நியமத்தை விட்டு நீங்கிய யப்பான், நிதியமைச்சர் தகஹாசி கொரெகியோவின் கொள்கையின் கீழ் யென்னின் வீழ்ச்சியைத் தடுக்காது விட்டது. 1932 இறுதியில் டொலருக்கு எதிரான யென்னின் பெறுமதி பழைய பெறுமதியில் பாதிக்கும் கீழ் இருந்தது. நவீன இயந்திரங்கள், செறிவான ஆலை ஒழுங்கமைப்பு, பெண் தொழிலாளரின் குறைந்த கூலி ஆகியனவும் சேர்ந்தமையால் யப்பானியத் துணிகள் ஆசியச் சந்தைகளெங்கும் பரவின. 1933 இல் பருத்தித் துணி ஏற்றுமதியின் அளவில் யப்பான் பிரித்தானியாவை விஞ்சியது.

லங்காசயரின் துன்பமும் மெய்யானதே. 1913 இல் ஏறத்தாழ 700 கோடி யார் பருத்தித் துணியை ஏற்றுமதி செய்த பிரித்தானியா, 1933 அளவில் ஏறத்தாழ 200 கோடி யார் துணியையே ஏற்றுமதி செய்தது. ஆலைகள் மூடப்பட்டு நெசவாளர் வேலையற்று நின்றனர். இரு நாடுகளின் ஆலையதிபர்களும் சந்தைகளைப் பங்கிட்டுக்கொள்வதற்கு நடத்திய பேச்சுவார்த்தை 1934 வசந்த காலத்தில் முறிந்தது. அதன் பின்னரே ரன்சிமனின் மே 7 அறிவித்தல் வெளியாகியது. குடியேற்ற நாடுகளில் பிறநாட்டுப் பருத்தித் துணியும் செயற்கைப் பட்டுத் துணியும் 1927 முதல் 1931 வரையான ஆண்டுகளின் சராசரி அளவுக்குக் கட்டுப்படுத்தப்படும் என்பதே அதன் சாரம்.

அடிப்படை ஆண்டுகளின் தெரிவு தற்செயலானதன்று. யப்பானியத் துணி பெருகத் தொடங்கியது 1932 இன் பின்னராகும். அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளை அளவுகோலாகக் கொண்டமையால், எந்த நாட்டின் பெயரையும் சுட்டாமலே யப்பானின் புதிய வணிகம் அனைத்தையும் வெட்டிவிட முடிந்தது. தீர்வையைச் செலுத்தியாவது வாங்கலாம் என்ற வழியும் இங்கு இல்லை. தீர்வை விலையை உயர்த்தும். கோட்டாவோ குறித்த அளவுக்கு மேல் பொருளே வராது தடுத்துவிடும்.

உத்தியோகத்தர் பெரும்பான்மை இருந்த குடியேற்ற நாட்டுச் சட்டசபைகளில் இக்கட்டளையை நிறைவேற்றுவது எளிதாக இருந்தது. கிழக்காபிரிக்காவில் கொங்கோ வடிநிலம் பற்றிய சர்வதேச ஒப்பந்தங்கள் எல்லா நாடுகளுக்கும் சமவாய்ப்பை உறுதி செய்திருந்தமையால், கோட்டாவை அங்கு விதிக்க முடியவில்லை. இலங்கையில் இருந்தது வேறொரு தடை. டொனமூர் அரசியற் திட்டத்தின் கீழ் 1931 இல் மக்களால் தெரிவு செய்யப்பட்ட அரசாங்க சபை அங்கு இருந்தது. தொழில், கைத்தொழில், வர்த்தகத் துறைகளுக்கு மலையகத்தைச் சேர்ந்த பெரி சுந்தரம் அமைச்சராக இருந்தார். அரசாங்க சபை கோட்டாவுக்கு இணங்க மறுத்தது. தம்மைத் தெரிவு செய்த வறிய வாக்காளர் உடுக்கும் மலிவுத் துணியைத் தடுப்பதற்குத் தாமே கையுயர்த்த உறுப்பினர் முன்வரவில்லை.

எனினும் சபையின் மறுப்புக்குப் பயன் இருக்கவில்லை. அதே அரசியற் திட்டம் நிதியை ஆங்கிலேய உத்தியோகத்தராகிய நிதிச் செயலாளரிடமும், மேலதிகாரத்தைத் தேசாதிபதியிடமும், இறுதி அதிகாரத்தைப் பிரித்தானிய முடியிடமும் ஒதுக்கியிருந்தது. கோமறைக் கழகக் கட்டளை, அதாவது அரசரின் பெயரால் இலண்டனில் நேரடியாக ஆக்கப்படும் சட்டம், 1934 இல் இலங்கையின் மீது கோட்டாவைத் திணித்தது. வாக்குரிமை வழங்கப்பட்டிருந்தது. ஆனால் உடுப்புத் துணியின் விலையைத் தீர்மானிக்கும் உரிமை அவ்வாக்குரிமைக்குள் அடங்கவில்லை.

இந்தியாவோடு ஓர் ஒப்பீடு

இதே யப்பானியத் துணிப் பிரச்சினையை இந்தியா எதிர்கொண்ட விதத்தோடு ஒப்பிடும்பொழுது இலங்கையின் நிலை மேலும் விளங்கும். இந்தியாவும் அக்காலத்தில் அடிமை நாடே. ஆயினும் முதலாம் உலகப் போரின் பின் தீர்வை விடயத்தில் அதற்கு ஓரளவு சுயாதீனம் வழக்கத்தில் ஏற்பட்டிருந்தது. பம்பாயின் ஆலையதிபர்கள் அரசியற் செல்வாக்கு உடையவர்கள். 1933 யூனில் பிரித்தானியாவல்லாத நாடுகளின் பருத்தித் துணிகளுக்கு இந்தியா 75 வீதத் தீர்வையை விதித்தது. யப்பானிய ஆலைகள் அதற்குப் பதிலாக இந்தியப் பஞ்சை வாங்க மறுத்தன. பஞ்சு விற்கும் இந்திய உழவரின் நலனும் துணி நெய்யும் ஆலைகளின் நலனும் மோதின. ஈற்றில் 1934 சனவரியில் ஓர் இணக்கம் எட்டப்பட்டது. யப்பான் ஆண்டுக்கு 15 இலட்சம் பொதி இந்தியப் பஞ்சை வாங்கினால் 40 கோடி யார் துணியை இந்தியாவில் விற்கலாம் என்றும், தீர்வை 50 வீதமாகக் குறைக்கப்படும் என்றும் முடிவாகியது.

இவ்வுடன்படிக்கை நல்லதா தீயதா என்பது வேறு விடயம். கோட்டா அங்கும் இருந்தது. ஆனால் அது ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெற்ற கோட்டா. இந்தியா தன் பஞ்சுக்குச் சந்தையையும் தன் ஆலைகளுக்குப் பாதுகாப்பையும் பெற்றது. இலங்கைக்குக் காக்கவேண்டிய நெசவாலைகள் குறிப்பிடத்தக்க அளவில் இருக்கவில்லை. துணியைக் கட்டுப்படுத்தியதற்கு ஈடாக யப்பானிடமிருந்து இலங்கை எதையும் கேட்கவுமில்லை. இலங்கையின் கோட்டாவால் காக்கப்பட்ட கைத்தொழில் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் லங்காசயரில் இருந்தது. ஒரு நாட்டின் பாதுகாப்புக் கொள்கைக்கு மற்றொரு நாட்டின் நுகர்வோர் விலை கொடுத்தமைக்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் காண்பது அரிது.

விளைவுகள்

கோட்டா நடைமுறைக்கு வந்த அதே ஆண்டின் ஒக்டோபரில் மலேரியாக் கொள்ளைநோய் பரவத் தொடங்கியது. 1935 ஏப்ரல் வரை நீடித்த அந்நோயால் ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர். கேகாலை, குருணாகல் மாவட்டங்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. நோய்க்கு உடனடிக் காரணம் வரட்சியால் ஆறுகள் குட்டைகளாகி நுளம்பு பெருகியமையாகும். துணிக் கோட்டா அதற்குக் காரணமென்று கூறுதல் வரலாறு ஆகாது. ஆனால் மந்தத்தால் வருமானமிழந்து உணவுக் குறைவால் நலிந்திருந்த உடல்களையே நோய் எளிதிற் கொண்டுபோயிற்று. கிராமங்களில் நிவாரணப் பணி செய்த என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலிய இளைஞர் 1935 திசெம்பரில் லங்கா சமசமாசக் கட்சியை நிறுவினர். குடியேற்ற ஆட்சியின் பொருளாதாரத் தன்மை பற்றிய விமர்சனம் அதன்பின் அரசாங்க சபைக்குள்ளும் ஒலித்தது.

தீர்வைக் கொள்கையில் கைகட்டப்பட்டிருந்த சுதேச அமைச்சர்கள் தம் கைக்கு எட்டிய துறைகளிற் செயற்பட்டனர். 1934 இல் சேர் சொராப்ஜி பொச்கன்வாலாவின் தலைமையில் அமைந்த வங்கி ஆணைக்குழுவின் விசாரணையைத் தொடர்ந்து 1939 இல் இலங்கை வங்கி நிறுவப்பட்டது. 1935 இல் காணி அபிவிருத்திச் சட்டம் ஆக்கப்பட்டது. இவை ஆக்கபூர்வமான முயற்சிகள். ஆனால் கைக்கு எட்டிய துறைகளில் மற்றொன்றும் இருந்தது. இறக்குமதியைக் கட்டுப்படுத்த முடியாதவர்கள் வந்து குடியேறியோரைக் கட்டுப்படுத்த முனைந்தனர். வேலையின்மை வளர வளரக் கொழும்பில் மலையாளத் தொழிலாளருக்கு எதிரான இயக்கம் எழுந்தது. 1939 இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியத் தொழிலாளர் நீக்கப்பட்டனர். அவ்வாண்டு யூலையில் நேரு இலங்கைக்கு வந்து பேசியும் பயன் கிட்டவில்லை. ஓகஸ்ற் 1 ஆம் திகதி முதல் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் தொடங்கிய ஒரு நெருக்கடியின் கணக்கு, ஈற்றில் ஒரே துறைமுகத்தில் மூட்டை சுமந்த இரு ஏழைகளுக்கிடையே தீர்க்கப்பட்டது.

பிற்கால ஒழுங்கும் பழைய வினாவும்

பெருமந்தத்தின் அனுபவம் அடுத்த தலைமுறையின் வணிக ஒழுங்கை உருவாக்கியது. 1934 யூனில் ஐக்கிய அமெரிக்காவில் இராசாங்கச் செயலாளர் கோடெல் ஹல்லின் முயற்சியால் நிறைவேறிய பரஸ்பர வணிக உடன்படிக்கைச் சட்டம், பிற நாடுகளின் சலுகைகளுக்கு ஈடாகத் தீர்வையை 50 வீதம் வரை குறைக்கும் அதிகாரத்தைச் சனாதிபதிக்கு அளித்தது. அவ்வழியின் தொடர்ச்சியாக 1947 இல் ஜெனீவாவில் தீர்வை, வணிகம் பற்றிய பொது உடன்படிக்கை உருவாகியது. கோட்டாக்களைப் பொதுவாகத் தடைசெய்தமை அதன் முக்கிய விதிகளுள் ஒன்று. அதன் தொடக்க உறுப்பு நாடுகள் 23 இல் இலங்கையும் அடங்கும். 1934 இல் கோட்டாவைத் தடுக்க இயலாதிருந்த நாடு, சுதந்திரம் பெறும் தறுவாயில் கோட்டாவைத் தடுக்கும் உடன்படிக்கையில் இடம்பெற்றது.

எனினும் துணியைப் பொறுத்தவரையில் அவ்விதி நெடுங்காலம் செல்லுபடியாகவில்லை. 1950களில் யப்பான் தன் பருத்தித் துணி ஏற்றுமதியைத் தானாகவே குறைத்துக்கொள்ளுமாறு ஐக்கிய அமெரிக்காவால் இணங்கவைக்கப்பட்டது. 1960களில் பருத்தித் துணிக்கென விசேட ஏற்பாடுகள் தோன்றின. 1974 இல் பல்நார் உடன்படிக்கை அவற்றை விரிவுபடுத்தியது. வளர்முக நாடுகளின் புடைவை, ஆடை ஏற்றுமதிகளை மட்டுப்படுத்திய இக்கோட்டாக்கள் 2004 ஆம் ஆண்டின் முடிவிலேயே முற்றாக நீங்கின.

2008 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியின்பொழுது 1930களின் நினைவு உலகத் தலைவர்களிடம் இருந்தது. அவ்வாண்டு நவம்பரில் வாஷிங்டனில் கூடிய இருபது நாடுகளின் தலைவர்கள் புதிய வணிகத் தடைகளை விதிப்பதில்லை என உறுதிகூறினர். 2009 இல் உலக வணிகத்தின் கனவளவு ஏறத்தாழ 12 வீதம் வீழ்ந்தும், அடுத்த ஆண்டே மீண்டெழுந்தது. 1930களின் சுங்கப் போர் மீளவும் நிகழவில்லை. ஆயினும் அந்நெருக்கடியிற் செல்வ நாடுகள் தம் வங்கிகளையும் மோட்டார்த் தொழிற்சாலைகளையும் கடன் வாங்கிக் காத்தன. அவ்வாறு கடன் வாங்கும் ஆற்றலற்ற நாடுகள் சர்வதேச நாணய நிதியத்தை நாடின. 2009 யூலையில் 260 கோடி டொலர் கடனுதவிக்கு இலங்கையும் அதனை நாடியது. தீர்வைச் சுவரின் இடத்தை மானியமும் பிணையெடுப்பும் பெற்றன. அவற்றைக் கையாளும் வலிமை நாடுகளுக்கிடையே சமமாக இருக்கவில்லை.

பெருமந்தம் நீடித்தமைக்குத் தலைமை தாங்கும் நாடு ஒன்று இல்லாமையே காரணமென்று பொருளாதார வரலாற்றாசிரியர் சாள்ஸ் கிண்டில்பேகர் 1973 இல் வாதிட்டார். பிரித்தானியாவுக்கு வலிமை இருக்கவில்லை, ஐக்கிய அமெரிக்காவுக்கு விருப்பம் இருக்கவில்லை என்பது அவர் கொள்கை. உலகம் முழுவதையும் நோக்கும்பொழுது இக்கருத்து வலிமையுடையதே. கொழும்பிலிருந்து நோக்கும்பொழுது அது முழுமையாகப் பொருந்தவில்லை. இலங்கையைப் பொறுத்தவரையில் பிரித்தானியாவின் வலிமை சிறிதும் குன்றியிருக்கவில்லை. ஒரு தெரிவு செய்யப்பட்ட சபையின் தீர்மானத்தை ஒரு கட்டளையால் கடந்து செல்லுமளவுக்கு அது போதுமானதாகவே இருந்தது.

தடையற்ற வணிகமா பாதுகாப்பா என்ற விவாதம் இரு நூற்றாண்டுகளாகத் தொடர்கின்றது. 1930களின் இலங்கை அவ்விவாதத்தில் எந்தப் பக்கத்துக்கும் எளிய சான்றாக அமையாது. ஏற்றுமதிக் கட்டுப்பாடு சிலருக்கு நன்மை செய்தது. முன்னுரிமை தேயிலைக்கு உதவியது. மலிவான யப்பானியத் துணிக்குப் பின்னால் யப்பானிய ஆலைப் பெண்களின் குறைந்த கூலி இருந்தது. துணிக் கோட்டாவுக்குப் பின்னால் வேலையற்ற லங்காசயர் நெசவாளர் இருந்தனர். இவர்கள் அனைவரின் நலன்களும் எங்கோ எவராலோ நிறுத்துப் பார்க்கப்பட்டன. அத்தராசில் இடம்பெறாதவர் துணியை வாங்கி உடுத்த இலங்கையர் மட்டுமே. நெருக்கடிக் காலத்து வணிகக் கொள்கையை மதிப்பிடுவோர் தீர்வையின் வீதத்தை ஆராய்வதோடு, அத்தீர்வையை விதித்த மேசையில் யார் அமர்ந்திருந்தனர் என்பதையும் ஆராய்தல் வேண்டும். அரசாங்க சபை 1934 இல் இணங்க மறுத்தமை பயனற்றுப் போயினும், அவ்வினாவை முதன்முதலில் வாக்காளரின் பெயரால் எழுப்பியமையால் அது நினைவுகூரத்தக்கதாகும்.